நீராவிப் படகும் நதிவழி ஏகபோகமும்

நீராவிப் படகை முதன்முதல் ஆற்றில் ஓட்டியவர் யார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால், இராபர்ட் புல்டன் என்று தயங்காமல் விடை கூறுவர். அவ்விடை முற்றிலும் பிழையன்று, முற்றிலும் உண்மையுமன்று. புல்டனுடைய படகு புறப்படுவதற்குப் பதினேழாண்டுகள் முன்னரே, கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகொன்று அமெரிக்காவில் ஓர் ஆற்றிலே ஒரு கோடைகாலம் முழுவதும் ஓடியிருக்கின்றது. அதனை ஓட்டியவர் பெயரை அறிந்தார் இன்று மிகச் சிலரே. நம் சங்கத்து அங்கத்தினரிற் பெரும்பாலோர் வாணிகத்திலும் கைத்தொழிலிலும் ஈடுபட்டவர்களாதலின், யந்திரத்தின் நுட்பங்களைக் காட்டிலும், அதற்கு முதல் போட்டவர், உரிமை வாங்கியவர், அவ்வுரிமையை எதிர்த்து வழக்காடியவர் ஆகிய இவர்களுடைய வரலாறே அவர்கட்கு அதிகம் வேண்டற்பாலது என்று கருதி, அதனையே இங்கு விரித்து எழுதப் புகுந்தோம்.

மேற்கூறிய முதல் மனிதர் ஜான் பிட்ச் என்பவர். 1743-ம் வருஷம் கனெக்டிகட்டில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். கடிகார வேலை, பித்தளை வேலை, வெள்ளி வேலை, நில அளவை எனப் பல தொழிலும் செய்து, எதிலும் நிலைபெறாமல் அலைந்தவர். 1785-ம் வருஷத்தில் நீராவியின் வலியினாற் படகைச் செலுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அக்காலத்தில் இங்கிலாந்து தேசத்தில் ஜேம்ஸ் வாட் என்பவருடைய யந்திரங்கள் சுரங்கங்களில் நீரிறைத்தும் ஆலைகளை ஓட்டியும் வந்தன. ஆனால் நீராவி யந்திரம் என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதையே தாம் முதலில் அறியாதிருந்ததாகப் பிட்ச் தம் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஹென்றி வாய்ட் என்னும் கடிகாரக்காரர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, பிலடெல்பியா நகரத்துக் கனவான்கள் சிலரிடம் பங்குத் தொகை திரட்டி, வார்த்துப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் இவ்விருவரும் தாமே ஒரு யந்திரத்தைச் செய்து முடித்தனர்.

1787-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி டெலவேர் ஆற்றில் அந்தப் படகு ஓடிற்று. அதன் நீளம் 45 அடி. இருபக்கமும் ஆறாறு துடுப்புகள் நின்று, ஆட்கள் துழாவுதல்போலவே துழாவின. அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு அரசியற் சட்டம் வகுப்பதற்காக அவ்வமயம் பிலடெல்பியாவிற் கூடியிருந்த பிரதிநிதிகளுட் பலர் கரைக்கு வந்து அதனைக் கண்டு வியந்தனர். வியந்தார்களேயன்றி எவரும் பணம் கொடுத்தாரில்லை.

அதன்பின் மூன்றாண்டு உழைத்து 60 அடி நீளமான மற்றொரு படகைப் பிட்ச் செய்தார். இதன் துடுப்புகள் பின்புறத்தில் அமைந்து, வாத்தின் கால்களைப்போல நீரைத் தள்ளின. 1790-ம் வருஷத்துக் கோடையில் இது பிலடெல்பியாவிலிருந்து பர்லிங்டன், டிரெண்டன் ஆகிய ஊர்களுக்குக் குறித்த நாட்களிற் சென்று வந்தது. பத்திரிகைகளில் விளம்பரமும் செய்யப்பட்டது. மணிக்கு ஆறு முதல் எட்டு மைல் வரை ஓடியது. ஒரு பருவத்திலே இரண்டாயிரம் மைலுக்குக் குறையாமல் ஓடியது. யந்திரத்தை நோக்கின் இது முழுவெற்றியே என்னலாம். ஆயினும் கணக்குப் புத்தகத்தை நோக்கியபோது நஷ்டமே நின்றது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும். பிலடெல்பியாவிலிருந்து டிரெண்டனுக்குச் செல்லும் நிலம் சமவெளி. ஆற்றை ஒட்டியே நல்ல பாட்டை உண்டு. அதிற் குதிரை வண்டிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆறோ வளைந்து செல்வது. படகின் கட்டணம் வண்டிக் கட்டணத்தினும் குறைவாக இருந்தும், வழக்கமான வண்டியை விட்டு, தீயும் புகையும் இரைச்சலுமாகச் செல்லும் புதுப் பொருளொன்றில் ஏற மக்கள் துணியவில்லை. பிட்ச் யந்திரத்தை அறிந்த அளவு வழியைத் தெரிந்தெடுக்க அறிந்தாரில்லை. எந்தச் சரக்குக்கு எந்தச் சந்தை என்பதைப் பார்க்கத் தவறினால், சரக்கு எத்துணைச் சிறந்ததாயினும் கிடங்கிலேயே கிடக்கும் என்பது நம்மவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

இஃதன்றி அவருக்கு மற்றோர் இடியும் நேர்ந்தது. வர்ஜீனியா நாட்டு ஜேம்ஸ் ரம்ஸி என்பவர், நீரைப் படகின் பின்புறமாகப் பீறிடச் செய்து அதனால் முன்செல்லும் படகொன்றை 1787-ம் வருஷம் டிசம்பரில் பொடோமக் ஆற்றில் ஓட்டிக் காட்டியிருந்தார். முன்னர் எண்ணியவர் யார் என்பது பற்றி இருவருக்கும் துண்டுப் பிரசுரங்களிற் பெரும்போர் நடந்தது. 1791-ம் வருஷம் ஆகஸ்டில் ஐக்கிய நாட்டு அரசாங்கத்தார் தனியுரிமைப் பத்திரம் வழங்கியபோது, யார் முந்தியவர் என்று தீர்க்காமல், பிட்சுக்கும் ரம்ஸிக்கும் பிறருக்கும் ஒரே நாளிற் பத்திரம் கொடுத்துவிட்டனர். எல்லார்க்கும் பொதுவான தனியுரிமை ஒருவர்க்கும் உரிமையாகாது. அதைக் கண்டு பங்குதாரர் விலகினர். ரம்ஸி 1792-ல் இலண்டனில் இறந்தார். பிட்ச் பிரான்சுக்குச் சென்றும் பயனின்றித் திரும்பி, கெண்டக்கியில் வறுமையுற்று மனமுடைந்து 1798-ல் உயிர் துறந்தார்.

அதே 1798-ம் வருஷத்தில் நியூயார்க் மாகாணத்துச் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. நீராவிப் படகு ஓட்டும் உரிமையைப் பிட்சுக்கு முன்பு கொடுத்திருந்த அச்சபையார், அவர் அதைப் பயன்படுத்தவில்லையென்று கூறி எடுத்து, இராபர்ட் லிவிங்ஸ்டன் என்பவருக்கு இருபதாண்டுக்கு அளித்தனர். லிவிங்ஸ்டன் எளியவரல்லர். ஹட்ஸன் நதிக்கரையிற் பெரும்பண்ணையுடைய பிரபு. மாகாணத்தின் தலைமை நியாயாதிபதிகளுள் ஒருவராய், 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தவர். 20 டன் கொள்ளத்தக்க படகொன்றை நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கு 4 மைல் செலுத்திக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. சட்டசபையார் இதனை நகைப்புக்கிடமாகவே கொண்டனராம். ஆகாத காரியத்துக்குத்தானே உரிமை கொடுக்கிறோம், அதனால் யாருக்கு என்ன குறை என்று எண்ணினர்போலும்! நாம் இதனைக் குறிப்பாக எழுதுவதற்குக் காரணமுண்டு. பொதுச்சொத்தாகிய ஆற்றைச் சிரித்துக்கொண்டே ஒருவர் கையிற் கொடுத்த அச்சபையாரின் செயலைத் திருத்துவதற்கு இருபத்தாறாண்டுகள் ஆயின.

லிவிங்ஸ்டன் செய்வித்த முதற்படகு மணிக்கு 3 மைலுக்குமேற் செல்லவில்லை. பின்னர் அவர் பிரான்சு தேசத்துக்குத் தூதராகச் சென்றார். அங்கே பாரிஸ் நகரத்தில் 1802-ல் அவர் சந்தித்தவர்தான் புல்டன். 1765-ல் பென்ஸில்வேனியாவிற் பிறந்த புல்டன் தொழிலால் ஓவியர். இங்கிலாந்தில் கால்வாய் வேலைகளைக் கற்று, பிரான்சில் நீர்மூழ்கிப் படகொன்றும் செய்தவர். ஒருவரிடம் பணமும் செல்வாக்கும் சட்ட உரிமையும் இருந்தன; மற்றவரிடம் கைத்திறனும் கணக்கும் இருந்தன. இருவரும் கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். 1803-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி ஸீன் நதியில் அவர்களுடைய சோதனைப் படகு ஓடிற்று.

புல்டனுடைய சிறப்பு புதிதாக ஒன்றைக் கண்டதிலன்று. படகின் நீளத்துக்கும் அகலத்துக்கும், நீரின் தடைக்கும், யந்திரத்தின் வலிக்கும் உள்ள பொருத்தத்தை முன்னோர் குத்துமதிப்பாகக் கொண்டனர்; அவர் அளந்து கணக்கிட்டார். பிட்ச் உள்ளூரில் யந்திரம் வார்த்துத் துன்புற்றதுபோலத் தாம் துன்புறாமல், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்திலுள்ள போல்டன் வாட் கம்பெனியாரிடமே யந்திரம் வாங்கினார். அதன் சிலிண்டரின் குறுக்களவு 24 அங்குலம். யந்திரங்களை அந்நிய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அக்காலத்து ஆங்கில அரசாங்கத்தாரின் அநுமதி வேண்டியிருந்தது. அதனைப் பெற்று நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். 140 அடிக்கு மேற்பட்ட நீளமும், இருபுறமும் 15 அடி உயரமுள்ள துடுப்புச் சக்கரங்களும் உடையதாய்ப் படகு அமைந்தது. ஊரார் அதனைப் புல்டனின் பைத்தியம் என்று ஏளனம் செய்தனர்.

1807-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி அப்படகு நியூயார்க்கினின்று புறப்பட்டது. அது மணிக்கு ஒரு மைலாவது நகரும் என்று நம்பினவர் நகரத்தில் முப்பது பேரும் இரார் என்று புல்டன் பின்னர் நண்பருக்கு எழுதினார். சிறிது தூரம் சென்றதும் படகு நின்றுவிட்டது. மேல்தளத்திலிருந்த விருந்தினர் ஒருவரையொருவர் பார்த்து முணுமுணுத்தனர். புல்டன் அரைமணி நேரம் தவணை கேட்டுக் கீழே இறங்கி, யந்திரத்திலிருந்த சிறு கோளாற்றைச் சரிசெய்தார். அதன்பின் படகு நிற்கவில்லை. லிவிங்ஸ்டனுடைய பண்ணையாகிய கிளெர்மாண்டு வரையுள்ள 110 மைலை 24 மணியிலும், அங்கிருந்து ஆல்பனி வரையுள்ள 40 மைலை 8 மணியிலும் கடந்தது. ஆக 150 மைலுக்கு 32 மணி. திரும்பி வருதற்கு 30 மணி. பாய்மரப் படகுகள் அதே வழிக்குச் சராசரி நான்கு நாள் எடுத்துக்கொண்டன. எதிர்க்காற்று வீசினால் அதற்கு மேலும் ஆகும்.

பிட்ச் தோற்ற இடத்திற் புல்டன் வென்றதன் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது. ஹட்ஸன் நதியின் இருகரையிலும் மலைகள் நெருங்கியுள்ளன, பாட்டை கரடுமுரடானது. நியூயார்க்கு பெருந்துறைமுகம், ஆல்பனி மாகாணத்தின் தலைநகர். வக்கீல்களும் சட்டசபை அங்கத்தினரும் வியாபாரிகளும் ஓயாமல் போய்வருகின்ற வழி. நேரத்தைப் பணமாக மதிக்கும் பிரயாணிகள் அங்கே காத்திருந்தனர். செப்டம்பர் மாதத் தொடக்கத்திலேயே முறையான பிரயாணம் ஆரம்பமாயிற்று. ஆல்பனி வரை கட்டணம் 7 டாலர். அது அந்நாளிற் சிறு தொகையன்று. இருந்தும் இடங்கள் நிரம்பின. அடுத்த பருவத்துக்குள் படகை விரித்துக்கட்டிப் படுக்கை அறைகளும் உணவும் ஏற்படுத்தினர். பூட்சு அணிந்த காலோடு படுக்கையிற் படுத்தலாகாது, பெண்மணிகளின் அறையிற் புகைபிடித்தலாகாது, மீறினால் அபராதம் என்று விதிகளும் வகுத்தனர். இவ்விதிகளைப் படிக்கும்போது, பிரயாணிகள் எந்நாட்டிலும் எக்காலத்தும் பிரயாணிகளே என்று நமக்குத் தோன்றுகிறது.

பாய்மரப் படகுக்காரரின் பிழைப்புக்கு இது பேரிடியாயிற்று. சிலர் வேண்டுமென்றே தம் படகைக் கொண்டுவந்து நீராவிப் படகின்மேல் மோதிச் சக்கரங்களை ஒடித்தனர். 1808-ல் சட்டசபையார் இதனைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தனர். அதே சட்டத்தில், கூட்டாளிகள் புதிதாக விடும் ஒவ்வொரு படகுக்கும் ஐந்தாண்டு வீதம், முப்பதாண்டுக்கு மேற்படாமல் ஏகபோகத்தை நீட்டியும் கொடுத்தனர். அநுமதியின்றி நியூயார்க்கு மாகாணத்து நீரில் எவர் நீராவிப் படகு விட்டாலும் அப்படகையே பறிமுதல் செய்துகொள்ளலாம். லிவிங்ஸ்டனின் மைத்துனராகிய ஜான் ஸ்டீவன்ஸ் நல்ல யந்திர நிபுணர். அவர் செய்த 'பீனிக்ஸ்' என்னும் படகுக்கு ஹட்ஸனில் இடமில்லாமற்போகவே, 1809-ல் அதனைக் கடல்வழியாகவே டெலவேர் ஆற்றுக்கு அனுப்பினார். நீராவிப் படகு கடலிற் சென்றது அதுவே முதன்முறை. ஆல்பனி நகரத்து வணிகர் சிலர் கூடி 'ஹோப்', 'பெர்ஸிவரன்ஸ்' என இரண்டு படகுகள் விட்டனர். 1812-ல் மாகாண நியாயஸ்தலத்தில் அவர்கள் தோற்றனர்.

புதியதொன்றைத் துணிந்து செய்தவனுக்குச் சில காலம் லாபத்தை உறுதிசெய்தல் நியாயமே என்று நாமும் கொள்கிறோம். அவ்வுறுதியின்றி லிவிங்ஸ்டன் தம் பொருளை நீரில் இறைத்திரார். ஆனால் புல்டன் செய்த யந்திரத்துக்கு உரிமை கொடுத்தல் வேறு. எவ்வகை யந்திரமாயினும் நீராவியால் ஓடுவதெல்லாம் அவருடையதே என்று ஆற்றையே அடைத்துவிடுதல் வேறு. நியூயார்க்குச் சட்டசபையார் செய்தது இரண்டாவது. அதன் விளைவாக, அயல் மாகாணங்களாகிய நியூஜெர்ஸியும் கனெக்டிகட்டும் எதிர்ச்சட்டங்கள் செய்து, ஏகபோகத்தாரின் படகுகளைத் தண்டிக்கவும் விலக்கவும் முற்பட்டன. ஒரே நாட்டில் ஒரே ஆற்றின் இரு கரையினரும் ஒருவர் படகை ஒருவர் பிடிக்கும் நிலை நேர்ந்தது.

இதற்கிடையில் ஐரோப்பாவிலும் முயற்சிகள் நடந்தன. ஸ்காட்லாந்து தேசத்து வில்லியம் ஸிமிங்டன் செய்த 'சார்லட் டண்டாஸ்' 1803-ல் இரண்டு பாரப் படகுகளைக் கால்வாயில் இழுத்துக் காட்டியது. அலையினாற் கரை கரையும் என்று அஞ்சிக் கால்வாய்க்காரர் அதனை ஒதுக்கிவிட்டனர். 1812-ல் ஹென்றி பெல் என்பவர் 'காமெட்' என்னும் படகைக் கிளைடு நதியில் கிளாஸ்கோவுக்கும் கிரீனக்குக்கும் இடையே விட்டார். நல்ல அறைக்கு 4 ஷில்லிங், மற்றதற்கு 3 ஷில்லிங் கட்டணம். ஐரோப்பாவில் நிலையாக நடந்த நீராவிப் படகு வியாபாரம் அதுமுதற்கொண்டே கணக்கிடப்படும்.

அமெரிக்காவில் மேற்றிசைப் பெருநதிகளையும் கூட்டாளிகள் கைக்கொள்ள விரும்பினர். 1811-ம் வருஷம் அக்டோபரில் 'நியூ ஆர்லியன்ஸ்' என்னும் படகு நிக்கலஸ் ரூஸ்வெல்ட் என்பவர் தலைமையிற் பிட்ஸ்பர்க்கினின்று புறப்பட்டது. அவர் மனைவியார் லிடியா நிறைகர்ப்பிணியாயிருந்தும் உடன்சென்றார். வழியிலேயே மகவு பிறந்தது. ஒஹையோ நதியின் பாறை வீழ்ச்சியைத் தாண்டப் போதிய நீர் வரும்வரை காத்திருந்து, அதனைத் தாண்டிய சில நாட்களில், டிசம்பர் 16-ந் தேதி பெரும் பூகம்பம் உண்டாயிற்று. கரைகள் சரிந்தன, தீவுகள் மறைந்தன. அவ்வளவுக்கும் தப்பி 1812 ஜனவரியில் அப்படகு மிஸிஸிப்பி நதியின் கீழ்முனையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை அடைந்தது. அந்த அம்மையாரின் மனவுறுதியை நம் இல்லத்துப் பெண்மணிகள் அறிதல் நலம்.

எனினும் அந்நதியின் நீரோட்டத்தை எதிர்த்து நெடுந்தூரம் மேலேற அப்படகால் இயலவில்லை. 1814-ல் நீருள் மறைந்திருந்த மரக்கட்டையில் மோதி மூழ்கியது. நதியை வென்றவர் ஹென்றி ஷ்ரீவ் என்னும் படகுத் தலைவர். 1815-ல் அவர் 'எண்டர்பிரைஸ்' என்னும் படகை நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில்லுக்கு 25 நாளில் ஏற்றிக் கொணர்ந்தார். கழியூன்றியும் கயிறிழுத்தும் ஆட்கள் கொண்டுசென்ற படகுகளுக்கு அவ்வழி மாதக்கணக்காகும். அவர் பயன்படுத்தியது மிகுந்த அழுத்தமுள்ள நீராவி. அவ்வகை யந்திரம் கனம் குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் பாய்லர் வெடித்தால் உயிர்ச்சேதம் பெரிது. 1816-ல் ஷ்ரீவின் 'வாஷிங்டன்' படகிலேயே அது நேர்ந்து பலர் மாண்டனர். பாய்லர்களைச் சோதிக்க வேண்டும் என்று ஐக்கிய நாட்டு அரசாங்கத்தார் முதற்சட்டம் செய்தது 1838-ல்தான். 1865-ல் மெம்பிஸ் நகரருகே 'ஸுல்டானா' வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்ததை நோக்கின், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாதென்பது விளங்கும். ஏகபோகத்தார் ஷ்ரீவின்மேல் தொடுத்த வழக்கு 1817-ல் நியூ ஆர்லியன்ஸ் நியாயஸ்தலத்தில் தள்ளப்பட்டது. ஹட்ஸனில் மட்டும் கட்டு அவிழவில்லை.

லிவிங்ஸ்டன் 1813-ல் இறந்தார். 1815 ஜனவரியில் ஏகபோக வழக்கின்பொருட்டு டிரெண்டன் சென்று திரும்பிய புல்டன், உறைந்திருந்த ஹட்ஸன் நதியை நடந்து கடக்கையில், பனிக்கட்டி உடைந்து விழுந்த தம் வக்கீல் நண்பரை மீட்கப்போய் நனைந்து நோயுற்று, பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். அந்த வழக்கில் எதிரியாயிருந்த ஆரன் ஆக்டன், நியூஜெர்ஸியின் முன்னாள் கவர்னர். அவர் பின்னர் ஏகபோகத்தாருக்குப் பணம் கட்டி அநுமதி வாங்கி, எலிஸபெத்டவுனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே படகு விட்டார். எதிர்த்தவரே இப்போது ஏகபோகத்தின் காவலரானார்! அவருடன் கூட்டுச்சேர்ந்து பிரிந்த தாமஸ் கிப்பன்ஸ் என்னும் செல்வர், மாகாண அநுமதியை நாடாமல், 1793-ம் வருஷத்து ஐக்கிய நாட்டுக் கரைப்போக்குச் சட்டத்தின்படி உத்தரவு பெற்று அதே வழியிற் படகு விட்டார். அவருடைய 'பெல்லோனா' என்னும் படகுக்குத் தலைவராய் அமர்ந்தவர், பிற்காலத்திற் பெருஞ்செல்வரான கார்னீலியஸ் வாண்டர்பில்ட். அவர் கட்டணத்தைக் குறைத்து, பிடிக்கவந்த அதிகாரிகளுக்குத் தப்பித் துணிவாக ஓட்டிவந்தார்.

மாகாண நியாயஸ்தலங்கள் ஆக்டனுக்கே தீர்ப்பளித்தன. கிப்பன்ஸ் ஐக்கிய நாட்டு உச்ச நியாயஸ்தலத்துக்குச் சென்றார். 1824 பிப்ரவரியில் டானியல் வெப்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற வக்கீல் அவருக்காக வாதித்தார். மார்ச்சு 2-ந் தேதி தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புக் கூறினார். வாணிகம் என்பது பொருளை வாங்கி விற்பதோடு முடிவதன்று. மக்களையும் பொருளையும் கொண்டுசெல்லும் கப்பற்போக்கும் அதனுள் அடங்கும். மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வாணிகத்தை ஒழுங்குசெய்வது ஐக்கிய நாட்டுக் காங்கிரஸின் அதிகாரம். ஆகவே அதன் உத்தரவு பெற்ற படகை மாகாணச் சட்டம் தடுக்கமுடியாது என்பது அதன் சாரம். சில வாரங்களுக்குள் பிற மாகாணப் படகுகள் நியூயார்க்குத் துறைமுகத்துக்குள் வரலாயின. போட்டி மிகுந்தது; கட்டணங்கள் விழுந்தன. கிப்பன்ஸ் 1826-ல் பெருஞ்செல்வராய் இறந்தார். ஆக்டனோ வழக்குச் செலவிலும் வியாபார நஷ்டத்திலும் ஆழ்ந்து, முதுமையிற் கடனுக்காகச் சிறைபுகுந்தார். சுதந்தரப் போரில் ஈடுபட்ட வீரரைக் கடனுக்காகச் சிறையிடலாகாது என்று நியூயார்க்குச் சட்டசபை செய்த சட்டத்தினால் விடுதலை பெற்றார்.

நம் தேசத்தில் 1823-ல் கல்கத்தாவில் 'டயானா' என்னும் நீராவிப் படகு நீரில் இறங்கியது. அடுத்த வருஷம் பர்மா யுத்தத்தில் ஐராவதியிற் சென்றது. 1834 முதல் கங்கையில் அரசாங்கத்தாரின் நீராவிப் படகுகள் ஓடின. கோடையில் மணற்பரப்பாகிவிடும் நம் காவிரிக்கும் வைகைக்கும் அவ்வாய்ப்பு இல்லை. ஆயினும் பர்மாவில் வாழ்ந்து மீண்ட தமிழ்க் குடும்பங்களிற் பலருக்கு, 1865-ல் தொடங்கிய ஐராவதிப் படகுக் கம்பெனியின் பெயர் வீட்டுப் பேச்சிலேயே வழங்குவது. ஓர் ஆறு முழுவதும் ஒரு கம்பெனியின் கையிலிருந்த மற்றொரு வரலாறு அது. இடம் வாய்க்கும்போது தனியே எழுதுவோம்.